குத்தகைக் காரின் கெடு முடியும்போது

அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியா மாகாணத்தில், மின்சாரக் காரை விலைக்கு வாங்காமல் மூன்று வருஷக் கெடுவுக்குக் குத்தகையாக எடுத்து ஓட்டும் வழக்கம் சமீப காலத்தில் வெகுவாகப் பெருகியிருக்கிறது. 2022 வரையில் சிறுபான்மையோருடைய பழக்கமாக இருந்த இது, 2024 முடியும் தறுவாயில் அந்நாட்டில் புதிதாக வீதிக்கு வந்த மின்சாரக் கார்களில் ஏறக்குறையப் பாதியைத் தன் வசமாக்கிக்கொண்டது. அவ்விரண்டு ஆண்டுகளுக்குள் கையெழுத்திட்ட லட்சக்கணக்கானவர்கள் 2026-லும் 2027-லும் ஒரே கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்: இத்தனை நாள் ஓட்டிய காரை ஒப்பந்தத்தில் கண்ட விலைக்கு வாங்கிக்கொள்வதா, அல்லது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுப்பதா? அயலாரையும் நண்பரையும் கேட்டால் அவரவர் அனுபவத்துக்கு ஏற்றபடி ஓர் அபிப்பிராயம் கிடைக்கும். பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும், புது மாடலில் என்ன விசேஷம், விலை இன்னும் இறங்குமா என்பவற்றைப் பற்றி வெகு நேரம் பேச்சு நடக்கும். இவையெல்லாம் கேட்கத் தகுந்த கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்கவேண்டியது மூன்று வருஷத்துக்கு முன்பு ஒப்பந்தத் தாளில் அச்சாகிவிட்ட ஒரே ஒரு தொகைதான் என்பதும், அதைப் பார்க்காமலே பெரும்பாலோர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதும் நமது கருத்து.

அந்தத் தொகைக்கு மிச்ச மதிப்பு என்று பெயர். கெடு முடியும் நாளில் கார் என்ன விலை போகும் என்று குத்தகை கொடுக்கும் நிதி ஸ்தாபனம் முன்கூட்டியே அனுமானித்து எழுதிவைக்கும் தொகை அது. 1976-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நுகர்வோர் குத்தகைச் சட்டத்தின் பயனாக, இந்தத் தொகையையும் மாதக் கட்டணம் கணக்கிடப்பட்ட விதத்தையும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டு. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். காரின் விலை 40,000 டாலர். 36 மாதம் கழித்து அதன் மதிப்பு 56 சதவீதம், அதாவது 22,400 டாலர் என்று எழுதியிருக்கிறது. இடையில் கரையும் 17,600 டாலரை 36-ஆல் வகுத்தால் மாதம் 489 டாலர் ஆகிறது. இதற்குமேல் வட்டி. அதை வட்டி என்று சொல்லாமல் மணி ஃபாக்டர் என்ற பெயரில் 0.00150 என்பதுபோன்ற, கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் பின்னமாக எழுதுவார்கள். அதை 2,400-ஆல் பெருக்கினால் வருஷ வட்டி 3.6 சதவீதம் என்று தெரியவரும். காரின் விலையையும் மிச்ச மதிப்பையும் கூட்டி இந்தப் பின்னத்தால் பெருக்க, மாதம் இன்னும் 94 டாலர் சேர்கிறது. ஆக, வரி நீங்கலாக மாதம் 583 டாலர் வாடகை. மிச்ச மதிப்பை உயர்த்தி எழுதினால் மாத வாடகை குறையும் என்பதை வாசகர் உடனே கவனித்திருப்பார். வாடகையைக் குறைத்துக் காட்டி விற்பனையைப் பெருக்க விரும்பும் கம்பெனி, வருங்காலத்தைப் பற்றித் தாராளமான நம்பிக்கை உடையதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தாராளத்தோடு அரசாங்கத்தின் தாராளமும் சேர்ந்துகொண்டது. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம் மின்சாரக் கார் வாங்குவோருக்கு 7,500 டாலர் வரையில் வருமான வரிச் சலுகை வழங்கிற்று. ஆனால் வட அமெரிக்காவில் பூட்டப்பட்ட கார், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வந்த கனிமங்களால் ஆன பாட்டரி, வாங்குபவரின் வருமானத்துக்கு ஓர் உச்ச வரம்பு என்று அநேக நிபந்தனைகளையும் விதித்தது. குத்தகைக்கு எடுக்கும் காருக்கோ, சட்டத்தின் கண்ணில், வாங்குகிறவர் நிதி ஸ்தாபனமே ஆதலால், வர்த்தக வாகனங்களுக்குரிய வேறொரு பிரிவின்கீழ் அதே சலுகை இந்த நிபந்தனைகள் ஒன்றும் இல்லாமல் கிட்டியது. கொரியாவிலிருந்து கப்பலேறி வந்த கார்களும், ஜெர்மனியில் செய்த விலையுயர்ந்த கார்களும் இந்தப் பின்வாசல் வழியாகவே அமெரிக்கக் குடும்பங்களின் கொட்டகைகளுக்குள் நுழைந்தன. மேற்சொன்ன உதாரணத்தில் 7,500 டாலரை ஆரம்ப விலையில் கழித்தால் மாத வாடகை 583-லிருந்து 363-ஆக இறங்கிவிடுகிறது. ஒருவர் குத்தகையை நாடியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் மிச்ச மதிப்பு மட்டும் பழைய 40,000 டாலரின்மேல் கணக்கிட்டபடியே 22,400-ஆக நின்றுவிட்டது. விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பழைய கார் வாங்க வருகிறவர், அந்தக் கார் புதிதாக இருந்தபோது சலுகை போக 32,500 டாலருக்குக் கிடைத்தது என்பதை அறிவார். ஆதலால் அவர் கொடுக்கும் விலை அந்தத் தொகையைப் பார்த்தே அமையும். இதன்மேல் உற்பத்தியாளர்கள் தாமே செய்த விலைக் குறைப்புகளும் சேர்ந்தால், தாளில் 22,400 என்று எழுதிய கார் சந்தையில் 18,000-க்குப் போவது இயல்பேயன்றி விபரீதம் அன்று. 2025-இல் ஐசீகார்ஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வருஷத்தில் எல்லாக் கார்களும் சராசரியாக 46 சதவீத மதிப்பை இழக்க, மின்சாரக் கார்கள் 59 சதவீதத்தை இழக்கின்றன. சொந்தமாக வாங்கியவருக்கு இது துக்கச் செய்தி. குத்தகைதாரருக்கோ இது கிட்டத்தட்டச் சுபச் செய்தி. ஏனெனில் நஷ்டம் யாரைச் சேர்வது என்பது மூன்று வருஷத்துக்கு முன்பே எழுத்தில் நிர்ணயமாகிவிட்டது.

மின்சார வண்டியையும் குத்தகையையும் பிணைக்கும் இந்த உறவு நேற்று முளைத்தது என்று எண்ணவேண்டாம். 1897-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் எலெக்ட்ரிக் காரேஜ் அண்ட் வாகன் கம்பெனி பன்னிரண்டு மின்சார வாடகை வண்டிகளோடு தொழில் தொடங்கியபோதும், அதன் வாரிசான எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி அந்த வியாபாரத்தைப் பெரிதாக விஸ்தரித்தபோதும், வண்டியை விற்காமல் வாடகைக்கு விடுவதே அவர்களுடைய கொள்கையாக இருந்தது. ஆயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட ஈயப் பாட்டரியை நிலையத்துக்குள் பளுதூக்கியால் இறக்கி, சார்ஜ் ஏறிய இன்னொன்றை அதே இடத்தில் ஏற்றி அனுப்புவது அங்கே அன்றாடக் காட்சி. அத்தகைய ஜடப்பொருளைப் பராமரிக்கும் பாரத்தைத் தனி மனிதர் தலையில் கட்டமுடியாது என்பதை அந்தக் காலத்து முதலாளிகளே உணர்ந்திருந்தார்கள். அந்தக் கம்பெனி 1907-இல் திவாலாயிற்று. ஆனால் 1910 முதல் 1924 வரையில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டு மின்சாரக் கம்பெனி, லாரி ஒருவருடையது, பாட்டரி தன்னுடையது என்ற ஏற்பாட்டில், ஓடிய மைலுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிச் செவ்வையாக நடத்திக் காட்டியது. பாட்டரி தேய்வதால் உண்டாகும் நஷ்டத்தை, அதைத் தாங்கும் சக்தி உள்ளவரிடம் ஒப்படைப்பதே இந்த வியாபாரத்தின் சாரம். நூறு வருஷம் கழிந்தும் அது மாறவில்லை.

வைத்துக்கொள்ளும் உரிமையே இல்லாத குத்தகையும் ஒன்று இருந்தது. மோட்டார் கம்பெனிகள் தாம் விற்கும் கார்களில் ஒரு பகுதியையாவது புகையில்லாததாக்கவேண்டும் என்று 1990-இல் கலிபோர்னியா காற்று வாரியம் விதித்த கட்டளையின் நிழலில், ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் ஈவி1 என்ற காரை வெளியிட்டது. மொத்தம் 1,117 கார்கள் செய்தார்கள். ஒன்றைக்கூட விற்கவில்லை, எல்லாம் குத்தகையே. கெடு முடிந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டினவர்கள் மன்றாடியும் கம்பெனி இணங்காமல் கார்களைத் திரும்பப் பெற்றது. 2005-இல் பர்பாங்க் நகரத்தில், எஞ்சிய 78 கார்கள் நிறுத்தப்பட்டிருந்த இடத்துக்கு வெளியே அவர்கள் இரவு பகலாகக் காவலிருந்து, அத்தனைக்கும் சேர்த்து 19 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். கம்பெனி மறுத்துவிட்டது, சில கார்கள் காட்சிசாலைகளுக்குப் போக, மற்றவை நசுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கிறிஸ் பெய்ன் எடுத்த ஆவணப்படம் இந்த விவகாரத்தை உலகறியச் செய்தது. இன்றைய குத்தகைதாரர்களில் வயதானவர்கள் சிலர், கணக்குக்கு ஒத்துவராவிட்டாலும் காரை விட மனமில்லாமல் தயங்குவதற்கு இந்தப் பழைய ஞாபகமும் ஒரு காரணம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. இன்று திரும்பும் கார் நசுக்கப்படுவதில்லை. ஏலத்துக்குப் போய் இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆதலால் அந்தத் தயக்கத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை.

வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வி முழு வடிவத்தில் முதன்முதலாக எழுந்தது நிஸ்ஸான் லீஃப் விஷயத்தில்தான். அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பிரயோஜனப்படும். 2010 டிசம்பரில் அமெரிக்காவுக்கு வந்த இந்தக் கார் மாதம் 349 டாலர் குத்தகைக்குக் கிடைத்தது. 24 கிலோவாட்-மணி பாட்டரி. ஒரு சார்ஜுக்கு 73 மைல் என்பது அரசாங்கக் கணக்கு. பாட்டரியைக் குளிரவைக்கத் திரவம் ஓடும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஓட்டுபவர் முன்னுள்ள பலகையில், சார்ஜ் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், பாட்டரியின் கொள்ளளவைக் காட்ட ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு சிறு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் அணைந்தால் சுமார் 15 சதவீதச் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். அதன்பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறேகால் சதவீதம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில், நிழலிலேயே 43, 44 டிகிரி கொதிக்கும் கோடையில், இந்தக் கட்டங்கள் 2012-இலேயே ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. கூக்குரல் எழுந்தது. கம்பெனி அந்த ஆண்டு டிசம்பரில், ஐந்து வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் கட்டங்கள் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் தன் செலவில் சரிசெய்து தருவதாக வாக்களித்தது. இதற்கிடையில் அடுத்த மாதமே, 35,200 டாலரிலிருந்த ஆரம்ப விலையை 28,800-ஆகக் குறைத்த புது மாடலையும் கடைக்கு அனுப்பியது.

பழைய விலையை அடிப்படையாகக் கொண்ட மிச்ச மதிப்பு, தேயும் பாட்டரி, மலிந்த புது மாடல் ஆகிய மூன்றும் சேர்ந்து நின்றபோது, 2014-இல் கெடு முடிந்தவர்களுக்கு ஒப்பந்த விலை கேலிக்கூத்தாகப் பட்டது. பலர் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பிவந்த கார்கள் ஏலக் கூடங்களில் குவிந்து, விலையை இன்னும் கீழே தள்ளின. அப்போதுதான் நிதி ஸ்தாபனமே இறங்கிவந்து, வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒப்பந்த விலையில் ஆயிரக்கணக்கான டாலரைத் தள்ளித் தருகிறோம் என்று குத்தகைதாரர்களுக்குச் சொல்லத் தலைப்பட்டது. மிச்ச மதிப்பு என்பது சிலாசாசனம் அல்ல, கேட்டால் அசையும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம். எல்லா நிதி ஸ்தாபனமும் எல்லாக் காலத்திலும் அசையும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கேட்காதவருக்காக எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சக்கரம் எதிர்த் திசையிலும் சுழலும். 2021-இலும் 2022-இலும் சில்லுத் தட்டுப்பாட்டினால் புதுக் கார் உற்பத்தி குன்றிப் பழைய கார்களின் விலை வரலாறு காணாதபடி உயர்ந்தபோது, 2019-இல் எழுதிய மிச்ச மதிப்பு சந்தை விலைக்கு வெகு கீழே நின்றது. ஒப்பந்தப்படி வாங்கி மறுநாளே விற்றவர்கள் கணிசமான லாபம் பார்த்தார்கள். இதைக் கண்ட பல நிதி ஸ்தாபனங்கள், குத்தகைதாரரோ தம் டீலரோ அன்றி மூன்றாமவர் காரை வாங்கக்கூடாது என்று விதிகளை இறுக்கின. டெஸ்லா இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 2019-இல் மாடல் 3 குத்தகையைத் தொடங்கியபோதே, திரும்பும் கார்கள் ஓட்டுநர் இல்லாத டாக்ஸிகளாக ஓடப்போகின்றன, ஆகையால் யாருக்கும் விற்பதற்கில்லை என்று அறிவித்தது. அடுத்த வருஷமே அத்தகைய டாக்ஸிகள் பத்து லட்சம் ஓடும் என்றும் அதன் தலைவர் ஈலான் மஸ்க் சொன்னார். 2022 ஏப்ரலில் இந்தத் தடையை எல்லா மாடல்களுக்கும் விரித்தார்கள். திரும்பிய கார்கள் டாக்ஸியாகவில்லை. பழைய காராக லாபத்துக்கு விற்கப்பட்டன. பிறகு 2023 ஜனவரியில் டெஸ்லாவே மாடல் ஒய் காரின் ஒரு வகையை 65,990 டாலரிலிருந்து 52,990-ஆக ஒரே நாளில் குறைத்தது. ஒரு லட்சம் டெஸ்லா வாங்குவதாக 2021-இல் முழங்கிய ஹெர்ட்ஸ் வாடகைக் கார் கம்பெனி, 2024 ஜனவரியில் 20,000 மின்சாரக் கார்களை விற்றுத் தள்ளுவதாக அறிவித்தது. பழைய மின்சாரக் கார்களின் விலை சரிந்தது. வாங்கும் உரிமை லாபமாக இருந்தபோது அதைப் பூட்டிவைத்த கம்பெனி, 2024 நவம்பர் முதல் மறுபடியும் அதைத் திறந்துவிட்டது என்பதிலிருந்து, அந்த உரிமையின் அப்போதைய மதிப்பு என்ன என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

பாட்டரியைப் பற்றிய பயத்துக்கு வருவோம். லீஃபின் ஆரம்ப அனுபவம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டபடியால், மூன்று வருஷம் ஓடிய மின்சாரக் கார் என்றாலே தேய்ந்துபோன பண்டம் என்று கருதுவோர் இன்னும் அநேகர். உண்மை அவ்வளவு மோசமாக இல்லை. திரவத்தால் குளிரூட்டப்படும் இக்காலப் பாட்டரிகளைப் ஆயிரக்கணக்கான வண்டிகளில் கவனித்த ஜியோடாப் என்ற கம்பெனி, சராசரித் தேய்வு வருஷத்துக்கு 1.8 சதவீதம் என்று 2024-இல் கண்டது. அப்படியானால் கெடு முடியும் காரில் ஏறக்குறைய 95 சதவீதச் சக்தி சாதாரணமாக இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைலுக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகின்றன. அதில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கும். உஷ்ணம், எப்போதும் முழுச் சார்ஜில் நிறுத்திவைப்பது, ஓயாமல் அதிவேக சார்ஜரையே நாடுவது ஆகிய மூன்றும் பாட்டரிக்குச் சத்துருக்கள் என்பதால், அந்தக் காரை மூன்று வருஷமும் தாமே ஓட்டியவருக்கு ஓர் அனுகூலம் உண்டு: அதன் பூர்வோத்தரம் அவருக்குத் தெரியும். அயலார் ஓட்டிய காரை வாங்குபவருக்கு அது தெரியாது. இந்த அறிவுக்கு ஒரு விலை போடலாம். ஆனால் அந்த விலை சில நூறு டாலருக்கு மேல் போகாது என்பது நம் மதிப்பீடு.

செவ்ரலே போல்ட் காரின் கதை பாட்டரி விஷயத்தில் ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. எல்ஜி தயாரித்த பாட்டரிகளில் தீப்பிடிக்கும் தோஷம் தென்பட்டதால், 2021 ஆகஸ்டில் அதுவரை செய்யப்பட்ட எல்லா போல்ட்களும், சுமார் 1,42,000, திரும்ப அழைக்கப்பட்டன. காரை மற்றக் கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தும்படியும், 90 சதவீதத்துக்குமேல் சார்ஜ் ஏற்றவேண்டாம் என்றும், இரவில் வீட்டுக் கொட்டகைக்குள் சார்ஜில் விட்டுத் தூங்கவேண்டாம் என்றும் கம்பெனி அறிவுறுத்தியது. இத்தகைய காரை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். ஆனால் பழைய 2017 முதல் 2019 வரையிலான கார்களுக்குப் புத்தம் புதிய, முன்னதைவிடக் கொள்ளளவு அதிகமான பாட்டரியைக் கம்பெனி தன் செலவில் மாற்றி, அதற்குப் புதிதாக எட்டு வருஷ உத்தரவாதமும் தந்தது. 238 மைல் போன கார் 259 மைல் போகலாயிற்று. பொறுமையோடு காரை வைத்துக்கொண்டவர்களுக்கு, குத்தகை முடியும் சமயத்தில் காரின் மிக முக்கியமான அங்கம் புதிதாகக் கிடைத்தது. வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் அது. திரும்ப அழைப்பில் உள்ள எந்தக் காருக்கும், பரிகாரம் என்ன என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கக்கூடாது என்பதும் அதிலிருந்து பெறப்படுகிறது.

மாற்றச் சொல்லும் காரணங்களில் நியாயமானவை சில உண்டு. சார்ஜ் ஏற்றும் இணைப்பு அவற்றில் தலையாயது. பழைய லீஃபின் சாடெமோ இணைப்புக்குரிய நிலையங்கள் அமெரிக்காவில் அருகி வருகின்றன. 2023 மே மாதம் ஃபோர்டு தொடங்கிவைக்க, ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் பின்தொடர, அநேகமாக எல்லாக் கம்பெனிகளும் டெஸ்லாவின் இணைப்பையே ஏற்றுக்கொண்டன. அதற்கு முந்திய, சாடெமோ அல்லாத இணைப்புள்ள காருக்கு ஒரு மாற்றுத் துண்டு போதும் என்பதால் அதற்காக மட்டும் காரை மாற்றுவது அனாவசியம். சாடெமோ காரை வைத்துக்கொண்டு வெளியூர்ப் பயணம் போக நினைப்பவரோ மாற்றத்தான் வேண்டும். கலிபோர்னியாவில் ஒற்றை ஆளாகவே கார்பூல் தடத்தில் போக அனுமதித்த ஒட்டுச்சீட்டுகள் 2025 செப்டம்பர் 30-உடன் செல்லாமற்போயின. அந்தச் சலுகைக்காகவே புதுக் கார் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காரணமும் இப்போது இல்லை. அதே தேதிக்குப்பின் வாங்கும் கார்களுக்கு 7,500 டாலர் சலுகையும் நின்றுவிட்டது. ஆகவே முன்பு 363 டாலருக்குக் கிடைத்த அதே வகைக் கார், கம்பெனியே தன் கையிலிருந்து போட்டாலொழிய, இனி அந்த வாடகைக்குக் கிடைக்காது. பழைய வாடகையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் அதிர்ச்சி அடைவார்.

சாவி கொடுக்கும் நாளில் நடக்கும் பரிசோதனையையும் சொல்லவேண்டும். பரிசோதகர் ஒரு சிறு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிவருவார். அட்டைக்குள் அடங்கும் கீறலும் பள்ளமும் சாதாரணத் தேய்வு, அடங்காதவை உமது செலவு. டயர் வரிகளின் ஆழம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்திருந்தாலும் செலவு உம்முடையதே. பாட்டரியின் பாரத்தாலும் மோட்டாரின் வேகத்தாலும் மின்சாரக் கார்களின் டயர் சீக்கிரம் தேயும் என்பதைப் பலர் அந்த நாளில்தான் அறிகிறார்கள். அனுமதித்த மைலுக்கு மேல் ஓடியிருந்தால் மைலுக்கு 25 சென்ட் என்ற விகிதத்தில் கட்டவேண்டியிருக்கும். அதற்கும்மேல் 400 டாலர் அளவில் ஒப்படைப்புக் கட்டணம். காரை வாங்கிக்கொண்டால் இவை ஒன்றும் இல்லை.

இப்போது நம் உதாரணக் காரின் கணக்கை முடித்துவிடலாம். ஒப்பந்தப்படி வாங்கினால் 22,400 டாலரும், கலிபோர்னியாவின் குறைந்தபட்ச விற்பனை வரி 7.25 சதவீதமும் சேர்ந்து 24,024. அதே மாடல், அதே வருஷம், அதே மைல் ஓடிய இன்னொரு கார் வெளியில் 18,000-க்குக் கிடைத்தால் வரியோடு 19,305. வித்தியாசம் 4,719 டாலர். ஒப்படைப்புக் கட்டணம் 400-ஐயும், 6,000 மைல் கூடுதலாக ஓடியிருந்தால் அதற்குரிய 1,500-ஐயும் கழித்தாலும் 2,819 டாலர் மிஞ்சுகிறது. வைத்துக்கொள்வது, புதிதாகக் குத்தகை எடுப்பது என்ற இரண்டு வழிகளை மட்டுமே டீலர் காட்டுவார். குத்தகைதாரர் திருப்பிக் கொடுத்ததைப் போன்ற, இன்னொருவர் திருப்பிக் கொடுத்த காரை வாங்குவது என்ற மூன்றாவது வழியை அவர் காட்டமாட்டார், அதில் அவருக்கு ஆதாயம் குறைவு. சொந்த வயலை விட்டுவிட்டு அடுத்த வயலில் விளைந்த அதே நெல்லை மலிவாக வாங்கிவருவதுபோல இது முதலில் விநோதமாகத் தோன்றினாலும், கணக்கு பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கிறது. நான்காவது வழியும் உண்டு: அநேக நிதி ஸ்தாபனங்கள் கெடுவை மாதா மாதம் நீட்டித்துத் தருகின்றன. எதிர்பார்க்கும் மாடல் வர இன்னும் சில மாதம் ஆகும் என்றாலோ, விலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தோன்றினாலோ அது சௌகரியம். வருஷக்கணக்காக நீட்டுவதில் அர்த்தமில்லை.

சுற்றுப்புறத்தின் பேரால் சொல்லப்படும் வாதத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். ஆயினும் இந்த விவகாரத்தில் அது சரியான இடத்தில் பொருத்தப்படுவதில்லை. பாட்டரி செய்வதில் வெளியாகும் கரியமில வாயு அதிகம், ஆதலால் செய்த காரை நெடுநாள் ஓட்டுவதே தர்மம் என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் திருப்பிக் கொடுத்த கார் ஓடாமல் நின்றுவிடுவதில்லை. புதுக் கார் வாங்க வசதியில்லாத ஒருவருடைய பெட்ரோல் காரின் இடத்தை அது பிடிக்கிறது. தவறு என்று சொல்வதானால், திருப்பிக் கொடுப்பதைச் சொல்லமுடியாது. அதன் இடத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுக் கார் வந்தே தீரவேண்டும் என்ற பழக்கத்தைத்தான் சொல்லவேண்டும். மூன்றாவது வழியில் போகிறவர் இந்தக் குற்றச்சாட்டுக்கும் ஆளாவதில்லை.

மற்ற தேசங்களில் இந்தக் கேள்வி வேறு வேறு உருவம் எடுக்கிறது. பிரான்சில் 2024 ஜனவரியில் குறைந்த வருமானக்காரர்களுக்கு மாதம் 100 யூரோ அளவிலான குத்தகையை அரசாங்கமே ஆதரித்து ஏற்படுத்த, 50,000 பேர் முன்வந்து சில வாரங்களுக்குள் திட்டம் நிறைந்து மூடப்பட்டது. அவர்களுக்குக் கெடு முடியும்போது வாங்கும் விலையும் மலிவாக இருந்தால்தான் அந்த நன்மை நிலைக்கும். இந்தியாவில் 2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சர், கார் 9.99 லட்சம் ரூபாய், பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை என்ற ஏற்பாட்டில், ஹார்ட்ஃபோர்டுக்காரர்களின் பழைய யுக்தியைப் புதுப்பித்திருக்கிறது. நம்மவர்கள் காரைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில் பிடிவாதம் உள்ளவர்கள் ஆகையால் முழுக் குத்தகை இங்கே வேரூன்ற நாளாகும்.

ஆக, கெடு நெருங்கும் குத்தகைதாரர்களில் பெரும்பாலோர் இன்றைய நிலையில் ஒப்பந்த விலைக்குக் காரை வாங்கக்கூடாது என்பதும், வேறொரு புதுக் குத்தகைக்கு உடனே கையெழுத்திடவும் கூடாது என்பதும் நமது தீர்மானம். அனுமதித்த மைலைப் பன்மடங்கு மீறியவர், காரில் பெரிய சேதம் உள்ளவர், புதுப் பாட்டரி கிடைத்தவர், நிதி ஸ்தாபனம் மனமிரங்கி விலையைக் குறைத்துத் தரப்பெற்றவர் ஆகியோர் மட்டும் இதற்கு விலக்கு. விலக்கில் சேர்பவரும் சேராதவரும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. 2026 மாடல் முதல் விற்கும் மின்சாரக் கார்களில் பாட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீதமாக ஓட்டுபவரே பார்க்கும்படி காட்டவேண்டும் என்று கலிபோர்னியா காற்று வாரியம் 2022-இல் விதித்தது; இப்போது திரும்பிக்கொண்டிருக்கும் கார்கள் அந்த விதிக்கு முந்தியவை. ஆகையால் தமது காரை வாங்குவதானாலும், பிறர் திருப்பிய காரை வாங்குவதானாலும், பாட்டரி பரிசோதனைச் சீட்டை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.